உள்ளீடற்ற ஒளியிழையில் ஒளி எப்படிச் செல்கிறது, எப்படிக் கசிகிறது: கணக்கிட்டுப் பார்ப்போம்

சாதாரண ஒளியிழையின் உள்ளகம் சுற்றியுள்ள உறையைவிடச் சற்றே அதிக ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடி என்பதால், முழு அக எதிரொளிப்பு (எல்லையில் சாய்வாகப் படும் ஒளி முழுவதும் உள்ளே திரும்புவது) ஒளியை உள்ளேயே நிறுத்திவிடுகிறது. உள்ளீடற்ற இழையிலோ நடுவில் இருப்பது காற்று (எண் 1.0003), சுற்றிலும் இருப்பது சிலிக்கா கண்ணாடி (1.55 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் 1.444). விதி தலைகீழாகிவிட்டதால் இங்கே முழு எதிரொளிப்புக்கு இடமே இல்லை. ஒளி எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். அக்கசிவை எவ்வளவு குறைக்கலாம் என்பதே கேள்வி. கால்குலேட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வெறும் கண்ணாடிக் குழாய்

30 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளையும் தடித்த சுவரும் கொண்ட குழாயை எடுத்துக்கொள்வோம். அதில் செல்லும் அடிப்படை முறைமை (ஒளி குழாய்க்குள் பரவக்கூடிய எளிய வடிவம்) சுவரோடு எழுப்பும் கோணத்தைக் காண, 2.405-ஐ அலைநீளத்தால் பெருக்கி, துளையின் சுற்றளவால் வகுக்க வேண்டும். 2.405 × 1.55 ÷ 94.2 என்பது ஏறத்தாழ 0.04 ரேடியன், அதாவது 2.3 பாகை. இப்படி ஒளி சுவரை உரசிச் செல்வதால், ஒவ்வொரு மோதலிலும் முக்கால் பங்குக்கும் மேல், சராசரியாக 79 விழுக்காடு, திரும்பி வருகிறது. இது நல்ல எதிரொளிப்பாகத்தான் தோன்றும். ஆனால் 30-ஐ 0.04-ஆல் வகுத்தால், அடுத்தடுத்த மோதல்களுக்கு இடையிலான தொலைவு முக்கால் மில்லிமீட்டர்தான்! மூன்று மோதல்களில், இரண்டேகால் மில்லிமீட்டருக்குள், ஒளியில் பாதி போய்விடும்.

1964-இல் மார்க்கட்டிலி, ஷ்மெல்ட்சர் என்ற ஆய்வாளர்கள் இவ்விழப்பு ஆரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று காட்டினர். அப்படியானால் துளையைப் பெரிதாக்கினால் போதுமே என்று தோன்றலாம். பெரிய துளையில் பல முறைமைகள் கலந்து ஓடும், சிறு வளைவுகூட ஒளியை வெளியே தள்ளும். எனவே அந்த வழியை விட்டுவிடுவோம்.

படி 2: சுவரை மெலிதாக்குதல்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். மெல்லிய சுவருக்கு இரண்டு பரப்புகள் உண்டு. முன்பரப்பில் திரும்பும் அலையும் பின்பரப்பில் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று கலக்கின்றன. சோப்புக் குமிழியில் நிறங்கள் தோன்றுவதும் இதே கலப்பினால்தான். காற்றிலிருந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும் அலை தலைகீழாகப் புரள்கிறது. கண்ணாடிக்குள்ளிருந்து காற்றின் எல்லையில் திரும்பும் அலை புரள்வதில்லை. ஆகவே உள்ளே போய்வரும் பாதை சரியாக ஒரு முழு அலைநீளமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, சுவர் இல்லாததுபோல் ஒளி ஊடுருவிவிடும். இது ஒத்ததிர்வு. பாதை அரை அலைநீளமாக இருந்தால் இரண்டும் கூடி ஒளியை வலுவாகத் திருப்பும். இது எதிர் ஒத்ததிர்வு.

உரசிச் செல்லும் ஒளிக்கு இப்பாதையின் நீளம் தடிமனின் இருமடங்கை 1.042-ஆல் பெருக்கினால் கிடைக்கும் (1.444-இன் வர்க்கத்தில் 1-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது 1.042). 1.55 மைக்ரோமீட்டருக்குத் தவிர்க்க வேண்டிய தடிமன் 0.744 மைக்ரோமீட்டர், உகந்தது 0.372. உகந்த அளவைச் சுற்றி நன்கு வேலை செய்யும் தடிமன்களின் வரம்பு அகலமானது என்பதால் 0.5 மைக்ரோமீட்டர் சுவரும் நன்றாகவே வேலை செய்யும்.

படி 3: குழாய்களை அடுக்குதல்

பெரிய குழாயின் உட்சுவரில் ஐந்தாறு மெல்லிய குழாய்களை ஒன்றையொன்று தொடாமல் ஒட்டுகிறார்கள். தொட்டால் அந்த இடத்தில் கண்ணாடி தடித்து, படி 2-இல் போட்ட கணக்கு அங்கே கெட்டுவிடும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இன்னொரு குழாயை வைத்தால், முதல் சுவரைத் தாண்டிய ஒளியை அடுத்த சுவர் திருப்பி அனுப்புகிறது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பொலெட்டி 2014-இல் விளக்கிய வடிவம் இது.

படி 4: மீதமுள்ள இழப்புகள்

கசிவு அடங்கியதும் மற்றவை தலைதூக்கும். இழையை உருக்கி இழுக்கும்போது கண்ணாடிப் பரப்பில் எழும் நுண்ணிய அலைகள் அப்படியே உறைந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. பழைய ஒளிப்படிக வகை (நடுத்துளையைச் சுற்றித் தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட) இழைகளின் இழப்பை 2005 வாக்கில் கிலோமீட்டருக்கு 1.2 டெசிபெல் அளவில் நிறுத்தியது இந்தக் கரடுமுரடுதான் (10 டெசிபெல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளியே மிஞ்சும்). எதிர் ஒத்ததிர்வு இழையில் ஒளி கண்ணாடியை மிகக் குறைவாகவே தொடுவதால் இத்தொல்லை சிறிது. வளைவு வேறு வகை: இழை வளையும்போது நடுவிலுள்ள ஒளி பக்கக் குழாய்களின் காற்றுக்குள் தாவக்கூடும். துளைக்குள் தங்கிய நீராவியும் கரியமில வாயுவும் தத்தம் அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும்.

எதிர் ஒத்ததிர்வு இழைக்கு 2025-இல் வெளியான இழப்பு அளவீடு கிலோமீட்டருக்கு 0.091 டெசிபெல். 100 கிலோமீட்டருக்கு 9.1 டெசிபெல், அதாவது சுமார் 12 விழுக்காடு ஒளி மிஞ்சும். கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழக்கும் சாதாரண இழையில் அதே தொலைவில் மிஞ்சுவது 1 விழுக்காடு.

பயிற்சி

0.5 மைக்ரோமீட்டர் சுவரின் ஒத்ததிர்வு அலைநீளம் சுமார் 1.05 மைக்ரோமீட்டர். சுவர் 5 விழுக்காடு தடித்துவிட்டால் அது சுமார் 1.1-க்கு நகரும். 1.55-இல் இயங்குபவர் இதைக் கவனிக்கவே மாட்டார், 1.1-இல் இயங்கத் திட்டமிட்டவரின் ஒளியோ முழுவதும் சுவர் வழியே போய்விடும்.