புது ஆத்தங்கரையில் சைக்கிள்: பஸ் வராத கப்பிப் பாதையைக் கண்டுபிடித்து ஓட்டுவது எப்படி?

சைக்கிள் வாங்கிய புதிதில் நானும் தஞ்சாவூர் பைபாஸில்தான் ஓட்டினேன். பின்னால் ஹாரன் கேட்கும்போதெல்லாம் ஓரத்து மண்ணில் இறங்கி ஏறி அலுத்துப்போய், மண்ணிலேயே ஓட்டினால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. அப்படி வந்து சேர்ந்த இடம்தான் கல்லணைக் கால்வாய்க் கரை. எங்கள் பக்கம் அதற்குப் பெயர் புது ஆறு. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் வந்த கால்வாய் அது. காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் புதுசுதான்.

கல்லணையில் பிரிந்து, பூதலூர் வழியாகத் தஞ்சாவூருக்குள் நுழைந்து, பெரிய கோயிலை ஒட்டிப் போய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று தெற்கே திரும்பிவிடும். தண்ணீர் மேடு ஏறாது, அதனால் கரைப்பாதையிலும் மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. புதிதாக ஓட்டுபவருக்கு இதைவிடத் தோதான பாதை கிடைக்காது. உங்கள் ஊரில் ஆறு, வாய்க்கால், பெரிய ஏரி எது இருந்தாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

படி 1: வீட்டிலேயே பாதையைத் தேடுங்கள்

கூகுள் மேப்பில் சேட்டிலைட் படத்தைப் போட்டு, தண்ணீரின் இரு பக்கமும் விரலால் நகர்த்திக்கொண்டே போங்கள். சாம்பல் நிறக் கோடு தார் ரோடு. பழுப்புக் கோடுதான் நமக்கு வேண்டியது. பெரும்பாலும் ஒரு கரையில் தார் இருந்தால் மறு கரை கப்பியாகவோ மண்ணாகவோ இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் பாருங்கள், கூகுளில் இல்லாத வண்டிப்பாதைகள் சில அதில் இருக்கும்.

பாலத்துக்குப் பாலம் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் ஏதாவது ஆனால் கரையிலிருந்து ரோட்டுக்கு வர பாலம்தான் வாசல். இன்னொன்று: இடது கரை, வலது கரை என்பது தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. இது தெரியாமல் நான் ஒருமுறை நண்பரை எதிர்க்கரையில் முக்கால் மணி நேரம் காக்க வைத்தேன்.

படி 2: டீக்கடையில் கேளுங்கள்

படத்தில் தெரிந்த பாதை நேரில் இல்லாமலும் போகும். கரை உடைந்திருக்கலாம், கான்கிரீட் வேலை நடக்கலாம். பாலத்தடி டீக்கடையில் விசாரிப்பதே நல்லது. ஆனால் "பாதை நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கும் தம்பி, போங்க" என்றுதான் பதில் வரும். "டூவீலர் தினமும் போகுதாண்ணே?" என்று கேளுங்கள். டூவீலர் போகும் பாதையில் ஒரு சாண் அகலத்துக்கு இறுகிய தடம் இருக்கும், நமக்கு அது போதும். டிராக்டர் மட்டும் போகும் என்றால் பள்ளமும் மேடும்தான். மணல் லாரி போகும் என்றால் வேறு கரை பாருங்கள்.

படி 3: சைக்கிள்

கப்பிப் பாதைக்கென்றே கிராவல் சைக்கிள் என்று தனியாக விற்கிறார்கள். முதல் வருஷத்துக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. கடைக்காரர் பெருமையாகக் காட்டும் டயர் 40 மி.மீ. அகலம். அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளின் டயர் 28 × 1½ அங்குலம், அதாவது ஏறக்குறைய 38 மி.மீ.! கரையில் பால்காரர் இரண்டு கேனோடு என்னைத் தாண்டிப் போனது அந்த வண்டியில்தான்.

ஒல்லி டயர் மட்டும் வேண்டாம். காற்றைக் கல்லு மாதிரி அடிக்காதீர்கள். 40 மி.மீ. டயருக்கு, எடை 70 கிலோ என்றால், காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ (பம்பு மீட்டரில் தெரியும் அளவு) போல வைத்துப் பார்த்து, கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ரொம்பக் குறைத்தால் கல்லில் இடித்து ட்யூப் கிழியும்.

படி 4: முள்

நம் ஊர்க் கரையில் சைக்கிளுக்கு எதிரி பள்ளமல்ல, சீமைக்கருவேல முள். முதல் நாள் 12 கி.மீ.க்குள் எனக்கு மூன்று பஞ்சர். மூன்றுக்கும் காரணம் ஒரே முள்! முதல் பஞ்சரில் ட்யூபை மாற்றினேனே தவிர, டயருக்குள் ஒடிந்து நின்ற முனையைப் பார்க்கவில்லை. அது புது ட்யூபையும் குத்தியது, ஒட்டுப் போட்ட பழைய ட்யூபையும் குத்தியது.

ஆகவே ட்யூபைக் கழற்றியதும் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும், விரலும் தப்பும். வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடுங்குங்கள். ட்யூபில் ஓட்டை தெரியவில்லையா? கொஞ்சம் காற்றடித்து, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் குமிழி வரும்.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு ட்யூப், ஒட்டுப் பொருள்கள், டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர், கைப்பம்பு. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே போடும் லைனர் பட்டையும் உதவும். ஓட்டும்போது தடத்தை விட்டு நடுப் புல்லில் ஏறாதீர்கள், வேலி வெட்டிய முள்ளெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

படி 5: எந்த மாதம்?

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். களிமண் சக்கரத்தில் அப்பி, பிரேக்கில் அடைத்து, சைக்கிளைத் தோளில் தூக்கி வர நேரும். தை பாதிக்கு மேல் பாதை காய்ந்துவிடும், ஆனால் அதே நேரம் சம்பா அறுவடை. அறுவடை மெஷினும் நெல் டிராக்டரும் வரும். பாதையில் நெல் காய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. எனக்குப் பிடித்தது மாசி, பங்குனிக் காலை. கரையில் கூட்டமில்லை, வெயிலும் பொறுக்கும்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறக்கும். அதன்பின் கால்வாய் நிறையத் தண்ணீர், கண்ணுக்கு அழகு. கூடவே ஆடிக் காற்று மேற்கிலிருந்து தள்ளும். அப்போது முதலில் மேற்கே பூதலூர் பக்கம் மிதியுங்கள், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விட்டுவிடும்.

படி 6: கப்பியில் ஓட்டுவது

கைப்பிடியை இறுக்காதீர்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையும், அலையட்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், திருப்பத்தில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். மணல் வந்தால் லேசான கியர், நேரான ஹாண்டில்பார், நிறுத்தாத மிதி.

படி 7: கரையில் மரியாதை

படித்துறை வந்தால் தூரத்திலேயே மணி அடியுங்கள். பெண்கள் குளிக்கும் நேரமென்றால் மறு கரைக்கு மாறிப் போய்விடுங்கள். தோட்டத்து நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவே வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கேட் பூட்டியிருந்தால் தாண்ட வேண்டாம், கரை நீர்வளத்துறையின் சொத்து.

முகம் கழுவக்கூடக் கால்வாயில் இறங்காதீர்கள். கான்கிரீட் போட்ட சரிவு வழுக்கும், ஓட்டம் இழுக்கும், மேலே ஏறப் பிடிமானம் இருக்காது. இரண்டு லிட்டர் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

முதல் நாள் காலை 6 மணிக்குக் கிளம்பி, பத்து கி.மீ.யில் ஒரு பாலத்தில் திரும்பி, எட்டரைக்குள் டீக்கடைக்கு வந்துவிடுங்கள். எங்கே முள், எங்கே கரை சரிந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து சைக்கிளோடு வருபவரும் அவரிடம்தானே கேட்பார்.