மும்பையில் பெருமழை ஓய்ந்த பிறகு: வானிலை அறிவிப்பைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சயான்–குர்லா தண்டவாளத்தில் தண்ணீர் வடிந்து லோக்கல் ட்ரெயின் மறுபடி ஓடத் தொடங்கினால் மும்பைக்கு மூச்சு வந்துவிடும். தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் தமிழ் ஆட்கள் நனைந்த பாயைக் காயப்போட்டுவிட்டு, "நாளைக்கு எப்படியாம்?" என்று போனைப் பார்ப்பார்கள். வெள்ளத்துக்குப் பின் வரும் அறிவிப்பை மற்ற நாளில் பார்ப்பதுபோலப் பார்ப்பதுதான் முதல் தவறு. மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. நாலாக்களில், அதாவது பெரிய வடிகால் கால்வாய்களில், அடித்து வந்த குப்பை அடைத்திருக்கிறது. முந்தாநாள் ஊர் தாங்கிய மழையை நாளை அதே ஊர் தாங்காது.

"ரெட் அலர்ட் எடுத்துட்டாங்க, வெறும் ஆரஞ்சுதான்" என்று நிம்மதியாகப் பேசுவதை மழைக்காலத்தில் அடிக்கடி கேட்கலாம். வானிலை ஆய்வுத் துறையின் நிறம் மழையின் அளவை மட்டும் சொல்வதில்லை. மழை வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் பாதிப்பு எப்படி என்பதையும் சேர்த்துத்தான் நிறம் தருகிறார்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. ஆரஞ்சில் வீட்டுப் பத்திரங்களையும் மருந்துகளையும் உயரத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு. காலையில் செய்தியில் வரும் அளவு முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. "இன்னைக்கு 150 மில்லிமீட்டராம்" என்று பதறுகிறவர் பெரும்பாலும் நேற்றைய மழையைப் பற்றித்தான் பேசுகிறார். தமிழ்ச் சேனல்கள் சென்டிமீட்டரில் சொல்லும், மும்பைச் செய்திகள் மில்லிமீட்டரில் சொல்லும், 15 செ.மீ.யும் 150 மி.மீ.யும் ஒன்றே. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. அப்புறம், எந்த நிலையத்தின் எண் என்று பாருங்கள். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டிய அதே நாளில் கொலாபாவில் பதிவானது எழுபது சொச்சம்தான். ஒரே நகரம்!

இவற்றைவிடப் பெரிய தவறு, வானத்தை மட்டும் பார்த்துக் கடலை மறப்பது. மும்பையின் மழைநீர் கடைசியில் கடலுக்கோ கடற்கழிக்கோதான் போயாக வேண்டும். நீர் வெளியேறும் வாய்களில் பெரும்பாலானவை கடல் ஏறும்போது நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். கடல் ஏறி நிற்கும் ஹை டைட் நேரத்தில் ஹிந்த்மாதாவிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தண்ணீர் அசையாமல் நிற்பது இதனால்தான். ஹாஜி அலி, இர்லா போன்ற இடங்களில் பம்பு நிலையங்கள் இருந்தும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காகக் கட்டப்பட்டவை, அதுவும் கடல் இறங்கியிருக்கும் நேரத்துக் கணக்கு. 2005-க்குப் பிறகு அதை 50 மி.மீ. ஆக்கும் வேலை நடந்தது. ஒரு மணி நேரத்தில் அதற்கு மேல் கொட்டினாலோ, கடல் ஏறி நின்றாலோ தெருவில்தான் நிற்கும். 2005-இல் அந்த மழையும் பிற்பகல் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டன.

கடலின் கணக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிலேயே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம். மும்பையில் அப்போது அது நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வரும். பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மாநகராட்சி வெளியிடும் ஹை டைட் பட்டியலில் நான்கரை மீட்டருக்கு மேலான நாள்களைக் குறித்துவைத்து மழை அறிவிப்போடு சேர்த்துப் படியுங்கள். மிதமான மழைதானே என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் முன் இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நமக்கென்றே உள்ள தவறு இன்னொன்று. "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்று செய்தி வந்தால், ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு "குடை எடுத்துக்கோ" என்போம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது சரி. ஜூலை, ஆகஸ்டில் அது நம் தலைக்கு வரும் செய்தி. ஒடிசா கரையருகே உருவாகும் தாழ்வு நாட்டின் நடுவே மேற்கு நோக்கி நகரும்போது அரபிக்கடலின் ஈரக் காற்றை வேகமாக இழுக்கும். அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏற, மும்பை இருக்கும் கொங்கண் கரை முழுக்க மழை பிடித்துக்கொள்ளும். புயல் கரையைக் கடந்தால் மழை விட்டுவிடும் என்ற சென்னை அனுபவமும் இங்கே உதவாது. தாழ்வு மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம் நெருங்கும்போதுதான் மும்பையில் மழை கூடக்கூடும். அதனால் ஒருநாள் வெயில் அடித்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து நாள் அறிவிப்பைத் தினமும் புதிதாகப் பாருங்கள். நான்காம், ஐந்தாம் நாள் கணிப்பு மாறக்கூடியது. வெளியே கிளம்பும் முன் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பு போதும். பழைய வெள்ள வீடியோவை இன்றையது என்று குழுவில் அனுப்புகிறவருக்கு அன்போடு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மழை நின்றதும் வீட்டுக்குத் திரும்புவதில், மலைச்சரிவில் குடியிருப்போர்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். காட்கோபர், பாண்டுப், விக்ரோலி, செம்பூரின் வாஷி நாக்கா என்று சரிவை ஒட்டி வீடுகள் ஏராளம், அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 2021 ஜூலை 18 அதிகாலை வாஷி நாக்காவிலும் விக்ரோலியிலும் வீடுகள் புதைந்து 20-க்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே இறந்தார்கள். ஊறிய மண்ணுக்குள் நீரின் அழுத்தம் மழை நின்ற உடனே குறைவதில்லை. சுவரில் புது விரிசல், சாய்ந்த மின்கம்பம், திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, சரிவிலிருந்து வரும் கலங்கல் நீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றிரவு உறவினர் வீட்டில் படுங்கள், 1916-க்குப் போன் செய்து மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். மித்தி ஆற்றோரத்தில் இருப்போருக்கும் இது பொருந்தும். விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் மித்தியில்தான் இறங்குகிறது. உங்கள் தெருவில் மழை இல்லாத வேளையிலும் ஆறு ஏறலாம்.

"நாளை முதல் மழை குறையும்" என்ற செய்தியோடு உடம்பைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்திலோ டாக்டரிடமோ போய்த் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்து வேறு, கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு எல்லாம் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் தெரியும், அதற்குள் வெள்ளம் நினைவிலிருந்தே போயிருக்கும். டாக்டரிடம் காய்ச்சலைச் சொல்லும்போது, எந்தத் தேதியில் எந்தத் தண்ணீரில் நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.