தோட்டத்துக்கு டிரோன் வரும்போது: நிருபரும் நிறுவனமும் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊருக்குத் தொழில்நுட்ப நிறுவனம் எதையாவது கொண்டுவருகிறது. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மருந்து தெளிக்கும் டிரோனாக இருக்கலாம். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், முகத்தைப் பார்த்து வருகை பதியும் செயலியாக இருக்கலாம். உள்ளூர் நிருபருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அழைப்பு வரும். செய்தி வெளியான மறுநாளே இரு தரப்புக்கும் மனக்கசப்பு. இதில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதுதான்.

நிருபர் செய்யும் பெரிய தவறு, கையில் கொடுத்த அறிக்கையை அப்படியே தட்டச்சு செய்வது. "99 விழுக்காடு துல்லியம்" என்று எழுதியிருந்தால், பெரட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 300 பேர் என்றால் நாளொன்றுக்கு 3 தவறு, 26 வேலை நாளில் 78. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 ஆல் வகுத்தால் நாளுக்கு 65.38 ரிங்கிட். ஒரு வருகை விடுபட்டால் போவது அந்தப் பணம். அதைத் திருத்துவது கிராணியா (தோட்ட எழுத்தரா), கோலாலம்பூரில் இருக்கும் சேவை மையமா? எத்தனை நாளாகும்? அந்த 99 எங்கே அளக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். நல்ல வெளிச்சமுள்ள அலுவலகத்தில் அளந்த எண், விடியுமுன் தலைத்துண்டோடு வரிசையில் நிற்கும் பாட்டாளிக்கு அப்படியே பொருந்தாது. சிக்னல் கிடைக்காத பிரிவுகளில் பதிவு கைப்பேசியிலேயே தங்குமா, அழிந்துபோகுமா என்பதும் அதே பட்டியலில் சேரும்.

டிரோனுக்கும் இப்படித்தான். பெரிய தெளிப்பு டிரோனில் 40 லிட்டர் தொட்டி உண்டு. முழுச் சுமையோடு ஒரு பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. எக்டருக்கு 20 லிட்டர் தெளித்தால் ஒரு தொட்டி 2 எக்டரோடு முடிந்தது. ஆகவே "ஒரு நாளில் இத்தனை எக்டர்" என்ற பேச்சு பேட்டரி எத்தனை, ஜெனரேட்டர் உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. காலித் தொட்டியோடு பறக்கவிட்டுக் காட்டினால், நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரானோஸின் கதை இங்கே நினைவிருக்கட்டும். சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகள் என்ற பேச்சை நம்பி இதழ்கள் நிறுவனரை அட்டையில் போட்டன. 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஜான் கேரிரூ எழுதியபோதுதான், பெரும்பாலான பரிசோதனைகள் வழக்கமான இயந்திரங்களிலேயே நடந்தது வெளியே வந்தது. அவருக்கு விஷயம் கிடைத்தது நிறுவனரிடமிருந்து அல்ல. உள்ளே வேலை பார்த்தவர்களிடமிருந்து. தோட்டத்தில் அந்த இடத்தில் இருப்பவர்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரும், கிராணியும், குலை வெட்டும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களும். நிர்வாகி பக்கத்தில் நிற்கும்போது அவர்களைப் பேசவைக்காதீர்கள்.

அடுத்தது, "இதை எழுதாதீங்க தம்பி" என்று நிறுவனத்தார் பேசி முடித்தபின் சொல்வது. நிபந்தனை பேச்சுக்கு முன்பே, இருவரும் ஒப்புக்கொண்டு இருக்க வேண்டும். 2014 நவம்பரில் நியூயார்க் விருந்து ஒன்றில் ஊபர் அதிகாரி ஒருவர், நிருபர்களைப் பற்றித் துருவ பத்து லட்சம் டாலர் செலவிடலாம் என்ற யோசனையைச் சொன்னார். வெளியே போகாது என்று அவர் நினைத்துக்கொண்டார். அங்கிருந்த பஸ்ஃபீட் செய்தித் தள ஆசிரியரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. செய்தி வெளிவந்தது. எதிரில் இருப்பவர் பதில் கொடுப்பதற்கு முன், பெயர் போடலாமா, பதவி மட்டும் போதுமா, எதுவும் வேண்டாமா என்று ஒரு வரி புலனத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்ன நேரம்வரை வெளியிடக் கூடாது என்ற தடையும் அப்படியே. மின்னஞ்சல் தலைப்பில் நிறுவனம் தானாகப் போட்டுக்கொண்டால் அது உடன்பாடாகாது. ஒப்புக்கொண்டிருந்தாலோ நேரத்தைப் பாருங்கள்: கோடையில் கலிபோர்னியா காலை 9 மணி என்பது இங்கே நள்ளிரவு 12, குளிர்காலத்தில் 1 மணி. தேதியும் மாறிவிடும். அவர்கள் சொன்ன தேதியின் காலைப் பதிப்பிலேயே போட்டுவிட்டால் வாக்கு மீறியவர் நீங்கள்தான்.

நிறுவனங்களின் தவறுகளும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. குறை கேட்டு அனுப்பிய கேள்விக்குப் பதில் தராமல் ஆசிரியரை அழைத்து விளம்பரத்தை நினைவூட்டுவது முதன்மையானது. நிருபரே தீபாவளி வாழ்த்து விளம்பரமும் சேகரிக்கும் ஊரில் இது சுலபமாக வேலை செய்யும், அதனால்தான் நாசமும் அதிகம். விளம்பரம் பேசுபவரும் செய்தி எழுதுபவரும் வேறுவேறு ஆளாக இருக்கட்டும். ஆள் பற்றாக்குறை என்றால், அந்த நிறுவனச் செய்தியை மட்டுமாவது வேறு ஊர் நிருபருக்குக் கொடுத்துவிடலாம். நிருபரும் கேள்விகளை எண் போட்டு எழுத்தில் அனுப்பி, பதிலுக்கு ஒரு முழு வேலை நாள் கொடுங்கள். மாலை 5 மணிக்கு அனுப்பி 6 மணிக்கு "பதில் இல்லை" என்று எழுதுவது ஏமாற்று.

ஆள் மேல் கோபத்தில் சொந்த வாழ்க்கையைத் தோண்டுவதும் வேண்டாம். அமெரிக்க இணைய ஊடகமான கௌக்கர் குழுமம் 2007இல் தொழில்நுட்ப முதலீட்டாளர் பீட்டர் தீலின் அந்தரங்கத்தை எழுதியது. பிறகு அவர் கௌக்கர் மீது வேறொருவர் தொடுத்த வழக்குக்குப் பணம் கொடுத்தார்; 2016இல் 14 கோடி டாலர் தீர்ப்பு, அந்தத் தளம் மூடப்பட்டது. பணத்தால் பத்திரிகையை அழிப்பது நியாயமா என்பது வேறு வழக்கு. ஆனால் சம்பளப் பதிவில் பிழை விடும் செயலியைக் கேள்வி கேட்க உரிமையாளரின் வீட்டு விவகாரம் தேவையில்லை.

கடைசியாக, செய்தியை முகநூலில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. ஆனாலும் பக்கம் நடத்துபவரின் பொறுப்பு புரியும். பதிவு போட்ட முதல் சில மணி நேரம் கருத்துப் பகுதியைப் பாருங்கள், பார்க்க ஆளில்லையென்றால் மூடிவையுங்கள், நீக்குவதற்கு முன் திரைப்பிடிப்பு எடுத்துத் தேதியோடு சேமியுங்கள்.