பிரேக் ஆயில் குறைந்தால் முதலில் பேடைப் பாருங்கள்

பைக்கின் முன் டிஸ்க் பிரேக்கின் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே தள்ளி நிற்கும். அந்த இடத்தை நிரப்பத்தான் ஆயில் இறங்குகிறது. பேட் நன்றாக இருந்தும் குறைந்தால் எங்கோ கசிவு. லிவர் மெத்தென்று அமுங்கினால் லைனில் காற்று புகுந்திருக்கலாம், ப்ளீடிங் செய்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 (DOT 4) கிரேடு ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும்; ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்து பிரேக் கைவிட இதுவும் ஒரு காரணம். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டப்பா மூடியில் போட்டிருக்கும் கிரேடுதான் சரி. டாட் 5 சிலிக்கான் வகை, நம்பர் பெரிது என்று அதை ஊற்றிவிட வேண்டாம்! அப்புறம், பெட்ரோல் டேங்க் மேல் சிந்தினால் பெயின்ட் போய்விடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.