பழைய காரில் சார்ஜ் ஏறவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய கார் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவரும் புகார் இதுதான்: "நேற்று நன்றாக ஓடியது, இன்று காலை செல்ஃப் எடுக்கவில்லை." சார்ஜிங் பழுது என்று அவர்களே முடிவுகட்டியிருப்பார்கள். அதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டால், நாங்கள் தொழில் கற்ற காலத்தில் செய்த அதே கோளாறுகள் வரிசையாக வரும். கேட்கும்போதே மனசு அடித்துக்கொள்ளும். இந்தக் கார்களின் சார்ஜிங் அமைப்பில் மறைவாக எதுவும் கிடையாது. மின்சாரம் தர ஒரு டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், அதைக் கட்டுப்படுத்த ஒரு ரெகுலேட்டர், சேர்த்துவைக்க ஒரு பேட்டரி, இடையில் சில வயர்கள், டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் பழுது எந்தப் பக்கம் என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா, டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்டரியை அளக்காமல் ஆல்டர்னேட்டர் மேல் பழி போடுவது

முழு சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வண்டியை ஓட்டி நிறுத்தியதும் அளந்தால் 13 வோல்ட் வரைகூடக் காட்டும். அது தட்டுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ், உள்ளே ஏறியது அல்ல. சில மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம்.

சார்ஜரில் இரவெல்லாம் வைத்தும் 10.5 வோல்ட்டைச் சுற்றியே நிற்கிறது என்றால் ஒரு செல் செத்துவிட்டது. அந்த பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது வீண் வேலை.

ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பேனரை எடுத்து, பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றுவார்கள். இன்ஜின் தொடர்ந்து ஓடினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, நின்றுவிட்டால் போய்விட்டது என்று தீர்ப்பு. பார்க்கிறவர்களுக்கு அனுபவசாலி செய்கிற வேலை போலத் தெரியும். அதனால்தான் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பழக்கம் டைனமோ காலத்தில் பிறந்தது. ஆல்டர்னேட்டருக்குள் இருப்பதுபோல், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு டைனமோவுக்குள் கிடையாது. செம்புக் கம்பி, இரும்பு, கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர், அவ்வளவுதான். டெர்மினலைப் பிடுங்கினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. 1960-இல் கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்தது. எம்ஜிபி 1967-இல் டைனமோவை விட்டது. மற்ற கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. இயந்திரம் மாறிவிட்டது, பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆல்டர்னேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுழலும் ரோட்டர் ஒரு மின்காந்தம். அது எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதை ரெகுலேட்டர் தீர்மானிக்கிறது. இறங்கிப்போன பேட்டரிக்கு இருபது, முப்பது ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் டெர்மினலைக் கழற்றினால், அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. ரெகுலேட்டர் உடனே நிறுத்தப் பார்க்கும். ஆனால் ரோட்டரின் காந்தம் அடங்க நொடியின் ஒரு பங்கு ஆகும். அதற்குள் வோல்ட் எகிறிவிடும். நிரம்பி ஓடும் வாய்க்காலின் மடையைச் சட்டென்று அடைத்தால் கரை உடைகிற கதைதான். 12 வோல்ட் வண்டியில் அந்த ஒரு கணத்தில் நூறு வோல்ட்டை நெருங்கக்கூடும். அடி விழுவது டையோடுகள் மேல், ரெகுலேட்டர் மேல், இக்னிஷனில் பழைய பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்திருந்தால் அதன் மேல், ரேடியோ மேல்.

சரி, இவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டாவது உண்மை தெரிகிறதா என்றால், அதுவும் இல்லை. சாதாரண இக்னிஷன் காயிலுக்கு நாலு ஆம்பியர் வந்தால் போதும், இன்ஜின் ஓடும். ஒரு டையோடு அறுந்துபோன ஆல்டர்னேட்டர்கூட அந்த நாலு ஆம்பியரைத் தாராளமாகத் தரும். 55 வாட் ஹெட்லைட் இரண்டை எரியவிட்டாலே ஒன்பது ஆம்பியர் வேண்டும், வைப்பர் தனி, பேட்டரிக்கு ஏற வேண்டியது தனி. அதைத் தருமா என்பதற்கு இந்தச் சோதனையில் பதிலே கிடையாது. டைனமோ வண்டியில் நேர்மாறாக ஏமாறலாம். ஐடிலிங் வேகத்தில் பல டைனமோக்கள் சார்ஜ் செய்யும் அளவுக்கு வோல்ட் தருவதில்லை, டைனமோவை பேட்டரியோடு சேர்க்கும் கட்-அவுட் சுவிட்ச் மூடாது. டெர்மினலைக் கழற்றியதும் இன்ஜின் நிற்கும். நல்ல டைனமோவைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

இப்படி அடிவாங்கிய ஒரு வண்டியைப் பார்த்தேன். உரிமையாளர் ஓர் இளைஞர். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட கார். விளக்கு மங்கலாக எரிகிறது என்று ஓரிடத்தில் நிறுத்தியபோது ஒருவர் டெர்மினலைக் கழற்றிப் பார்த்து, ஆல்டர்னேட்டர் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கே ரேடியோ ஊமையாகிவிட்டது. அதிலிருந்து, ஒரு ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி. புது பேட்டரி போட்டார், அதுவும் காலி.

வண்டி என்னிடம் வந்தபோது இரவு முழுக்க நின்றிருந்தது. சாவி கழற்றியாகிவிட்டது. ஆனால் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தைத் தொட்டால் இளஞ்சூடு. ஒரு சின்ன ஸ்பேனரை பேரிங் பக்கம் கொண்டுபோனேன், லேசாக இழுத்துப் பிடித்தது. நின்றிருக்கும் வண்டியில் ரோட்டர் காந்தமாக இருக்கக் காரணமே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை இடையில் வைத்தேன். மூன்று ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய காரில் இது 0.05 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. பாசிட்டிவ் பக்கத்து டையோடு ஒன்று ஷார்ட் ஆகியிருந்தது. அதன் வழியாக பேட்டரி மின்சாரம் சுழலாமல் நிற்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டருக்குள் நுழைந்து, ரோட்டருக்கு மின்சாரம் தரும் ஃபீல்டு டையோடுகள் வழியாக ரோட்டருக்குப் போய், ராத்திரி முழுக்க ரோட்டரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. மங்கலான விளக்கு பற்றிய முதல் புகாருக்குக் காரணம் பேட்டரியின் ஒரு முனையை பாடியோடு சேர்க்கும் வெறும் எர்த் வயர். அதை யாருமே பார்க்கவில்லை.

இதற்குப் பதில் செய்ய வேண்டியது மிகவும் எளிது. மீட்டரை பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். இன்ஜினை 1,500 முதல் 2,000 சுற்றில் பிடியுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். அப்புறம் ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போடுங்கள். 13.5 வோல்ட்டுக்குப் பக்கத்திலாவது நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும். கடைசியாக, அதே லோடில் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடைச் சந்தேகப்படுங்கள். ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் முடிகிற வேலை இது.

டெர்மினலைக் கையால் கழற்றினால்தான் இந்தக் கேடு வரும் என்று நினைக்க வேண்டாம். லூஸான டெர்மினல் குழியில் விழுந்த அதிர்ச்சியில் ஒரு கணம் விட்டாலும் இதேதான். பழைய கார்களில் பேட்டரிக்குத் தனி கட்-ஆஃப் சுவிட்ச் வைத்திருப்பார்கள், இன்ஜின் ஓடும்போது அதைத் திருப்பினாலும் இதேதான். இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்தபின், கேபிளை எடுக்கும் முன் ஹெட்லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். எகிறும் வோல்ட்டை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதையும், டெர்மினலைக் கழற்றும்போது அதன் பக்கத்திலேயே பொறி பறக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். முகத்துக்கு நேரே பேட்டரி வெடித்தால் ஆசிட் தெறிப்பது கண்ணில்.

எர்த் பக்கத்தைப் பார்க்காமல் விடுவது

ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 13.1. இதைப் பார்த்ததும் பலர் ரெகுலேட்டரை மாற்றுவார்கள். நடுவில் 1.2 வோல்ட் காணாமல் போயிருக்கிறது, அது எங்கே போனது என்று தேட வேண்டும். லைட்டெல்லாம் போட்டு இன்ஜின் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய டெர்மினலிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அப்புறம் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளங்கள். அங்கே 0.2-க்குள் இருக்க வேண்டும்.

குற்றவாளி பெரும்பாலும் இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கும். இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் போக ஒரு பின்னல் பட்டைதான் வழி. காரைப் புதுப்பித்துப் பெயின்ட் அடித்தவர்கள் அந்தப் பட்டையைப் பளபளப்பான பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு, பட்டையை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாக இருப்பது

சாவி போட்டதும் அது எரிந்தே ஆக வேண்டும். பல ஆல்டர்னேட்டர்கள் முதலில் உயிர்பிடிக்கத் தேவையான மின்சாரம் அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு ஃப்யூஸ் ஆனால் சார்ஜ் ஏறாமல் போகலாம். சில வண்டிகளில் இன்ஜினை ஒருமுறை உறுமவிட்டால் மட்டும் ஏறும். இரண்டு வாட் பல்பு இருந்த இடத்தில் எல்இடி போடுவதும் இதே கோளாறில்தான் கொண்டுபோய் விடும்.

பெல்ட்டை முறுக்கி இறுக்குவது

நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கட்டும், அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போகும்.

மீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது

மீட்டர் 10 ஆம்பியர் தாங்கும், செல்ஃப் நூறுக்கு மேல் இழுக்கும்.

ஆல்டர்னேட்டருக்கு மாறியபின் பழைய ஆம்மீட்டரை விட்டுவைப்பது

லூகாஸ் சி40/1 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதற்காகத்தான் அந்தக் கால வயரிங்கும் டேஷ்போர்டு ஆம்மீட்டரும் செய்யப்பட்டன. முழு சார்ஜிங் மின்சாரமும் அந்த ஆம்மீட்டருக்குள் நுழைந்துதான் வெளியேறுகிறது. அங்கே 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் போட்டு, பேட்டரி இறங்கிய நிலையில் ஸ்டார்ட் செய்தால், ஆம்மீட்டருக்குப் பின்னால் வயர் உருக ஆரம்பிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ஃப்யூஸ் வையுங்கள். ஆம்மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட்மீட்டர் போட்டால் சார்ஜிங் நிலவரமும் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பாசிட்டிவ் எர்த் என்பதைக் கவனிக்காமல் பேட்டரி மாட்டுவது

1960-கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். பழக்க தோஷத்தில் கறுப்பு வயரை பாடிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட காரில் சாதாரண ஆல்டர்னேட்டரை மாட்டினால், பேட்டரியை இணைத்த நொடியிலேயே டையோடுகள் கருகிவிடும்.

டைனமோவையே வைத்துக்கொண்டு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால், அதன் இரும்பில் தங்கியிருக்கும் மீதக் காந்தத்தின் திசையையும் மாற்ற வேண்டும். லூகாஸ் வகை டைனமோவில் இது சின்ன வேலை. பேட்டரியைப் புது திசையில் இணைத்துவிட்டு, டைனமோவின் எஃப் (ஃபீல்டு) டெர்மினலில் இருக்கும் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து அந்த எஃப் டெர்மினலில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும், அது சரிதான். கழற்றிய வயரைத் திரும்ப மாட்டி, காயிலின் இரண்டு வயர்களையும், டேஷ்போர்டு ஆம்மீட்டர் வயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்து, அதன் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே இன்ஜினை நிறுத்தி, டைனமோவின் டி (மின்சாரம் வெளிவரும் முனை), எஃப் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.