கத்தி மேல இருக்கற பூச்சை உரிக்கப் போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கருப்பு பூச்சு போட்ட கத்தி ஆன்லைன்ல வாங்கி, நாலு தடவ தேங்கா மட்டை வெட்டினதும் அங்கங்க உரிஞ்சி சொறி புடிச்ச மாதிரி ஆயிடும், ஒடனே எல்லாத்தையும் எடுத்துட்டு பளபளன்னு இரும்பாவே வச்சிக்கலாம்னு கை அரிக்கும். பண்ணலாம், நல்லாவே வரும். ஆனா கெட்டுப்போன கத்தில முக்காவாசி பூச்சால கெட்டதில்ல, எடுக்கற அவசரத்துல கெட்டது.

மொதல்ல, பொருட்காட்சில பச்சை செவப்புன்னு கலர் கலரா விக்கறாங்களே சமையல் கத்தி, அத விட்டுடுங்க. மெல்லிசு ஸ்டெயின்லெஸ் தகடு, உள்ள உழைப்புக்கு ஒண்ணுமே இல்ல. பூச்சு பேந்து காய்ல விழுதுன்னா தூக்கி போட்டுட்டு வேற வாங்குங்க.

அடுத்தது, என்ன பூச்சுன்னே தெரியாம ஆரம்பிக்கறது. தடிப்பா, சொரசொரன்னு, சில்லு சில்லா பேந்து வந்தா அது பெயிண்ட் இல்லன்னா பவுடர் கோட்டிங், பெயிண்ட் ரிமூவர்ல வந்துடும். தடிப்பே தெரியாம இரும்போட ஒட்டி கருப்பா இருந்தா பிளாக் ஆக்சைடா இருக்கலாம், அதாவது ரசாயனத்துல இரும்பு மேலயே உண்டாக்கற கருப்பு படலம், ஒரு ஓரத்துல ரெண்டு சொட்டு வினிகர் வச்சி கொஞ்ச நேரம் கழிச்சி தொடச்சி பாருங்க, கருப்பு துணில வந்தா அதான். மூணாவது, விலை ஒசந்த கத்தில வர்ற பிவிடி (வெற்றிடத்துல ஆவியாக்கி படிய வைக்கற பூச்சு), டிஎல்சி (வைரம் மாதிரி கெட்டியான கார்பன் பூச்சு) வகை. சில மைக்ரான்தான் இருக்கும், ஆனா இரும்ப விட கெட்டி, ரிமூவர் ஊத்தி ஊற வச்சாலும் அசையாது. தேச்சிதான் எடுக்கணும், அதுக்குள்ள பொறுமை போயிடும். என்ன கேட்டா அத அப்படியே விட்டுடலாம்.

பெயிண்ட் ரிமூவர ஹார்டுவேர் கடைல சாதாரணமா குடுத்துடுவாங்க, அதனால சாதா சாமான்னு நெனச்சிடாதீங்க. பல ரிமூவர்ல மெத்திலீன் குளோரைடு இருக்கும், அந்த ஆவி ஒடம்புக்குள்ள போயி கார்பன் மோனாக்சைடா மாறும், மூடின பாத்ரூம்ல இத வச்சி வேலை செஞ்சவங்க செத்தே போயிருக்காங்க. அமெரிக்காவுல 2019ல வீட்டு உபயோகத்துக்கு விக்கறதையே தடை பண்ணிட்டாங்க. துணி மாஸ்க் இதுக்கு ஒதவாது, வெளியில காத்தோட்டமா பண்றதுதான் வழி. அதுலயும் நம்ம ஊர்ல ஒரு சிக்கல், இந்த சாமான் 40 டிகிரி கிட்டயே கொதிச்சி ஆவியாயிடும், வேலூர் கத்திரி வெயிலு அதையே தாண்டும், மத்தியானம் மொட்டமாடில தடவினா வேலை செய்யறதுக்கு முன்னாடி காஞ்சி போயிடும், நீங்க மோந்துகினு நிக்க வேண்டிதுதான். காலைல வெயில் ஏறறதுக்குள்ள நெழல்ல வச்சி, தடவி, மேல பாலிதீன் கவர சுத்தி விடுங்க. கைப்பிடிய கழட்ட முடிஞ்சா கழட்டிடுங்க, இல்லன்னா அதுல படாம பாத்துக்கோங்க, பிளாஸ்டிக்கும் பசையும் கரைஞ்சி கொழகொழன்னு ஆயிடும்.

இப்ப பெரிய தப்புக்கு வரேன், சூடு. கேஸ் அடுப்புல காட்டி பூச்சை எரிக்கறவங்க இருக்காங்க, கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் துண்டுங்கள அடுக்கின சக்கரம்) மாட்டி ரெண்டே நிமிஷத்துல முடிச்சிட்டேன்னு பெருமையா சொல்றவங்களும் இருக்காங்க. கத்திய செய்யும்போது பழுக்க காய்ச்சி எண்ணெய்ல தோச்சி கெட்டியாக்கின பிறகு, நொறுங்காம இருக்க மறுபடி லேசா சூடு காட்டி, சாதா கார்பன் ஸ்டீல்னா சுமார் 200 டிகிரில பதம் பாத்து விட்டிருப்பாங்க. அதுக்கு மேல சூடு ஏறினா பதம் எறங்கி இரும்பு மெத்துன்னு ஆயிடும். இரும்பே கலர்ல காட்டிக்குடுக்கும், வைக்கோல் மஞ்சள் வந்தா 220 கிட்ட, பழுப்பு, ஊதான்னு போயி நீலம் வந்தா 300 தொட்டுடுச்சின்னு அர்த்தம். வெட்டுற ஓரம் மெல்லிசு, சூடு போறதுக்கு எடமில்ல, அதனால முதுகு கைக்கு வெதுவெதுன்னு இருக்கும்போதே ஓரம் நீலமாயிடும். இதுல கொடுமை என்னன்னா அந்த நீலத்த உப்புத்தாள் போட்டு தேச்சா ரெண்டு நிமிஷத்துல போயிடும், கத்தி பளபளன்னு இருக்கும், ஆனா உள்ள மெத்துன்னு ஆனது ஆனதுதான், எத்தன தடவ சாணை புடிச்சாலும் ஒரு கிலோ கறி வெட்றதுக்குள்ள மழுங்கிடும். அந்த எடம் முழுக்க தேச்சி எறியணும், இல்ல கொல்லப்பட்டறைல மறுபடி பதம் போடணும். மெஷின்தான் வேணும்னா வெறும் கையால கத்திய புடிச்சி, சுட ஆரம்பிச்சதும் தண்ணில முக்கிகினே இருங்க. நான்ஸ்டிக் பூச்சா இருந்தா எரிக்கவே கூடாது, அந்த பொகை காய்ச்சல கொண்டாந்து விடும்.

டாய்லெட் ஆசிட்ல போட்டு வைக்கறது இன்னொன்னு. கெட்டியான இரும்புக்குள்ள ஹைட்ரஜன் ஏறி நொறுங்குற மாதிரி ஆக்கும், அந்த ஆவில பக்கத்துல இருக்கற சாமான் எல்லாம் துரு புடிக்கும், பிளீச்சோட கலந்துட்டா குளோரின் வாயு. பிளாக் ஆக்சைடுக்கு வினிகர் போதும், எடுத்ததும் ஆப்ப சோடா கரைச்ச தண்ணில கழுவிடுங்க.

பூச்சு போனதும் உள்ள கண்ணாடி மாதிரி இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. மேல பூசப்போறோம்னுதான் பல கம்பெனில அடில சொரசொரப்பா அப்படியே விட்டிருப்பாங்க, குழி இருக்கும், சூட்டுல கார்பன் போன மெல்லிசான மெத்து தோலும் இருக்கும். கம்பெனி பேரு, ஸ்டீல் நம்பரெல்லாம் தேய்க்கும்போது போயிடலாம், வேணும்னா அந்த எடத்த தொடாதீங்க. ஓரத்துல டேப் சுத்தி கத்திய ஒரு பலகைல கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு, தட்டையான கட்டைல வாட்டர் பேப்பர (தண்ணி தொட்டு தேய்க்கற உப்புத்தாள்) சுத்தி, முதுகுலேர்ந்து ஓரத்து பக்கமா தேயுங்க, ஓரத்த எதிர்த்து முதுகு பக்கமா கைய கொண்டுபோனா தையல் போடத்தான் போகணும். கட்டை இல்லாம விரலால தேச்சா கோடெல்லாம் உருண்டு கத்தியோட வடிவமே போயிடும். பேப்பர் நம்பர் 120, 220, 400, 600னு ஏறுங்க (நம்பர் ஏற ஏற நைசு), ஒவ்வொரு நம்பருக்கும் திசைய மாத்துங்க, பழைய கோடு ஒண்ணு கூட இல்லாம போனாதான் அடுத்தது. 120லேர்ந்து நேரா 1000 போனா ஆழமான கோடு அப்படியே நிக்கும், அதுக்கு மேல மெருகு போட்டா இன்னும் நல்லா தெரியும், அவ்ளோதான் லாபம். பஃபிங் வீல் வச்சிருக்கறவங்க, ஓரம் சக்கரத்த எதிர்த்து நிக்காம பாத்துக்கோங்க, கவ்வி இழுத்து வீசி எறிஞ்சிடும்.

பூச்சு துருவுக்கும் காவல், அத எடுத்துட்டீங்க, ஞாபகம் இருக்கட்டும். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் கேக்கவே வேணாம், அதுல கழுவி வெயில்ல காய வச்சா கார்பன் ஸ்டீல் கண்ணெதிர்லயே செவக்கும். குழாய்ல வர்ற காவேரி தண்ணில கழுவி ஒடனே துணில தொடச்சி எண்ணெய் போடுங்க. நல்லெண்ணெய் நாளானா பிசுபிசுன்னு ஒட்டும், தேங்காண்ணெய் தேவலாம், மருந்து கடைல லிக்விட் பாரஃபின் கெடைச்சா அதுவே போதும். தோல் ஒறைல சொருகி மாசக்கணக்குல வைக்காதீங்க, தோலு ஈரத்த புடிச்சி வைக்கும், பதனிட்ட உப்பும் மிச்சம் இருக்கும். சாணை புடிச்சதும் தீட்டறதுக்கு தோல் துண்டு நல்லது, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்.

கண்ணாடி மெருகு எனக்கு புடிக்காது, ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் கண்ண குத்தும். 400ல நிறுத்தி, புளிக்கரைசல் தடவி கருக்க விட்டா அழகா சாம்பல் நெறம் வரும், அதுவே துருவ கொஞ்சம் தள்ளியும் வைக்கும். தடவறதுக்கு முன்னாடி எண்ணெய் பசை சுத்தமா போகணும், இல்லன்னா திட்டு திட்டா நிக்கும். ஸ்டெயின்லெஸ்ல இதெல்லாம் புடிக்காது, புளி வேஸ்ட்.