பெக்கா பி40 கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பெக்கா பி40 என்பது குறைந்த வருமானக்காரர்களுக்கு மலேசிய அரசு தரும் மருத்துவ உதவித் திட்டம். அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவ உதவியைக் குறைக்கும் சட்டம் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தானது, பேராக்கில் சுங்கை சிப்புட்டில் இருக்கிற நமக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே ஆர்க்கன்சா மாநிலத்தில் 2018இல், மாதம் 80 மணி நேரம் வேலை செய்வதாகப் பதிந்தால்தான் மருத்துவ உதவி என்று ஒரு விதி வந்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் உதவியை இழந்தார்கள். அவர்களில் பலர் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான், அப்படி ஒரு விதி வந்ததே தெரியாமல் விட்டவர்கள்.

நம் பக்கமும் உதவி பெரும்பாலும் இப்படித்தான் போகும், சத்தமில்லாமல், பேப்பரில். நம் நாட்டில் சுகாதாரம் கூட்டரசின் பொறுப்பு, முடிவெல்லாம் புத்ராஜெயாவில். அதனால் நம் கையில் இருப்பதை முதலில் சரி பண்ணுங்கள்.

முதல் வேலை எஸ்.டி.ஆர். பதிவு, அதாவது அரசு கொடுக்கும் ரஹ்மா ரொக்க உதவிக்கான பதிவு. ஏனென்றால் பெக்கா பி40 அந்தப் பட்டியலைப் பிடித்துத்தான் வருகிறது: எஸ்.டி.ஆர். வாங்குபவரும் அவருடைய துணையும் 40 வயதைத் தொட்டிருந்தால் போதும், தனியாக விண்ணப்பம் வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், தோட்டம் விற்றுப் போய் லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து எத்தனையோ வருடம் ஆகியும் ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னும் பழைய தோட்டத்து முகவரி, பதிவில் கொடுத்த போன் நம்பர் டாப்-அப் போடாமல் செத்துப் போயிருக்கும், வீட்டுக்காரர் இறந்ததைச் சொல்லியிருக்க மாட்டார்கள், பேங்க் கணக்கும் தூங்கிக் கிடக்கும். எஸ்.டி.ஆர். பதிவில் இருக்கும் விவரங்களை மைஎஸ்டிஆர் தளத்தில் திருத்தலாம், ஐசியில் இருக்கும் முகவரியை மட்டும் தேசியப் பதிவு இலாகாவில்தான் மாற்ற வேண்டும். பாட்டிக்குத் தெரியாது, அதனால் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து செய்து கொடுங்கள். எஸ்.டி.ஆர். காசு சின்னத் தொகைதானே என்று விடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், அதோடு போவது காசு மட்டும் இல்லை.

அப்புறம், இருக்கும்போதே பயன்படுத்திவிடுங்கள். இலவசப் பரிசோதனையில் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள், பதிவு செய்துள்ள தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் முடியவில்லை, ரிசல்ட் கேட்க இரண்டாவது முறை கட்டாயம் போங்கள். மருத்துவ உபகரணம் தேவைப்பட்டால் 20,000 ரிங்கிட் வரை உதவி உண்டு, அரசு மருத்துவமனை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட், தீபகற்பத்தில் பயணச் செலவுக்கு 500 ரிங்கிட் வரை. டாக்டரே சொல்வார் என்று காத்திருக்காதீர்கள், "பெக்கா இருக்கிறது" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அரசு கிளினிக்கில் இன்னும் 1 ரிங்கிட்தான். ஆனால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வர கார் பிடித்தால் அந்த 1 ரிங்கிட்டுக்கு அர்த்தமே இல்லை, ஒரு நாள் சம்பளமும் போய்விடும். தோட்டத்திலேயே மருந்து கொடுக்க டிரெஸர் இருந்த காலம் போய்விட்டது. தொடர் மருந்து எடுப்பவர்கள் பார்மசி கவுண்டரில் எஸ்பியுபி (வேறு அரசு மருந்தகத்தில் மருந்து வாங்கும் ஏற்பாடு) வேண்டும் என்று கேளுங்கள், அடுத்த மாத மருந்தை வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம். தபாலில் அனுப்பும் சேவையும் சில இடங்களில் உண்டு. சம்பளத்தில் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா பிடிக்கப்படுபவர்கள், சிறுநீரகம் கெட்டுப் போனால் டயாலிசிஸ் உதவி அங்கேயும் உண்டு, மறக்காதீர்கள்.

நம் மருத்துவ உதவியில் குறைப்பு வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? யாரும் அறிவித்துவிட்டுச் செய்ய மாட்டார்கள். இரண்டு மாத மருந்து கொடுத்த இடத்தில் ஒரு மாதத்துக்குத்தான் கொடுக்கிறார்களா, நிபுணரைப் பார்க்கும் தேதி தள்ளிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். தேதி, கிளினிக், என்ன மருந்து என்று நோட்டில் எழுதி வையுங்கள், அப்படி நாலு வீட்டு நோட்டைச் சேர்த்தால் அது வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. சுகாதார அமைச்சின் சிஸ்பா புகார் தளத்தில் போடலாம். அதைவிட அரசு கிளினிக்குகளுக்கு ஊர் மக்களையே உறுப்பினராகக் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கிறது, உங்கள் கிளினிக்கின் குழுவில் தோட்டத்திலிருந்து வந்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ஓய்வு பெற்ற ஆசிரியரோ கோயில் கமிட்டிக்காரரோ ஒருவரைப் பிடித்து அடுத்த நியமனத்துக்குப் பெயரைக் கொடுங்கள்.